முதுகு காட்டாத சமஸ்தானமும் முப்பத்தெட்டு ரன்னும்

கேசர்கட் சமஸ்தானம்,
பால்குன சுத்த ஏகாதசி, திங்கட்கிழமை.

பம்பாய்ப் பட்டணத்தில், காலபாதேவித் தெருவில், மூன்றாவது மாடியில் சகல சௌபாக்கியங்களோடும் வாசம் செய்யும் அருமை மைத்துனன் சிரஞ்சீவி ஹர்ஷத்ராய்க்கு, கேசர்கட் தர்பார் மரியாதை அதிகாரியும் உன் அக்காள் தனகௌரியின் புருஷனுமான கிருபாசங்கர் வசாவடா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. நம் குலதெய்வம் ஹாட்கேஷ்வர் அருளால் இங்கு நானும் குழந்தைகளும் எருமையும் சௌக்கியம். உன் அக்காளும் சௌக்கியம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசுவதில்லை. ரொட்டியைத் தட்டில் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் சௌக்கியம் என்று தெரிந்துகொள்கிறேன். உன் உடம்பு, உன் சம்சாரத்தின் உடம்பு, உன் முதலாளியின் குணம் எல்லாம் எப்படி என்று விவரமாக எழுதவும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே, சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு, கிளம்பு. முதலில் தையற்காரனிடம் ஓடி, என் கம்பளிக் கோட்டுக்குத் துணி வெட்டாதே என்று சொல். வெட்டியிருந்தால் கை தைக்காதே என்று சொல். அப்புறம் பெட்டி விற்கிறவனிடம் போய், கப்பலுக்குச் சொல்லியிருந்த பெட்டி வேண்டாம் என்று சொல். அப்புறம் "என் அத்தான் சீமைக்குப் போறார்" என்று நீ யார் யாரிடம் சொன்னாயோ, அத்தனை பேரிடமும் போய் அத்தான் போகவில்லை என்று சொல். உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும், அதற்கே இரண்டு நாள் ஆகும்.

ஆமாம் ஹர்ஷத்ராய், போகவில்லை! நான் மட்டுமல்ல, இந்தியக் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாகக் கப்பல் ஏற வேண்டிய நம் மகாராஜா தாகூர் சாகிப் சர்தான்சிங்ஜியே போகவில்லை. அவரோடு கிளம்ப மூட்டை கட்டியிருந்த பதினேழு பேரும், அதாவது சமையற்காரர் மூவர், ஜோசியர், நாவிதர், மீசைக்கு எண்ணெய் போடுபவர், மீசைக்காரருக்கு உதவியாளர் உட்பட, ஒருவரும் போகவில்லை. அத்தனைக்கும் காரணம் யார் என்று கேள். உன் அத்தான்! உன் அத்தானேதான்! ஊரில் தலை காட்ட முடியவில்லை. ஆனாலும் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் குதித்துக்கொண்டே இருக்கிறது, அதை யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அதனால் பொறுமையாகக் கேள்.

நீ பம்பாய்க்கு ரயில் ஏறியபோது தாகூர் சாகிப்புக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஆறு வயதில் அவர் கையில் மட்டை கொடுத்தார்கள். காலமான பெரிய மகாராஜா சீமையிலிருந்து ஒரு சிவந்த மூக்குத் துரையை வரவழைத்து, பங்களா கொடுத்து, ஆட்டம் சொல்லித்தரச் சொன்னார். அந்தத் துரை ஏழு வருஷத்தில் நடத்திய பாடம் இரண்டு. ஒன்று, இடது முழங்கையை உயர்த்து. இரண்டு, அடித்த பிறகு மோவாயைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி அப்படியே நில். பந்து எங்கே போயிற்று என்று எட்டிப் பார்ப்பது கடைக்காரன் புத்தி, பார்க்காமல் நிற்பதுதான் ராஜ லட்சணம் என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். பத்தொன்பது வயதில் பட்டாபிஷேகம். காலையில் மகாராஜா, மத்தியானம் சமஸ்தான அணிக்குக் கேப்டன். அரண்மனைக்கு எதிரே மைதானம் போட்டு, அரண்மனை அணி என்றும் ஊர் அணி என்றும் இரண்டு வைத்து, பதினாலு வருஷத்தில் பதினோரு சதம் அடித்தார். ஒவ்வொரு சதத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஊருக்கெல்லாம் ஜிலேபி. பம்பாயிலும் இரண்டு தடவை ஆடினார். ஒரு தடவை மழை. இன்னொரு தடவை, தான் இறங்குவதற்கு முன்பே "போதும், அவங்க ஆடட்டும்" என்று பெருந்தன்மையாகத் தன் அணியின் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பேப்பர்களில் எல்லாம் படம் வந்தது. முழங்கை உயர்ந்த படம், மோவாய் தூக்கிய படம். இந்த வருஷம் தேர்வுக் கமிட்டியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது: இந்திய அணிக்குத் தாங்களே கேப்டன், சம்மதம் வாங்க எங்கள் ராவ்பகதூர் பட்வர்தன் நேரில் வருவார், கையோடு ஓர் ஆட்டத்தையும் பார்ப்பார் என்று.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். நம் அரண்மனையில் முதல் விதி என்ன? அன்னதாதா என்று நாம் கும்பிடும் மகாராஜாவின் முன்னிலையில் எவனும் முதுகைத் திருப்பக் கூடாது. திவான் ஆனாலும் தீவட்டிக்காரன் ஆனாலும் கும்பிட்ட கையோடு பின்பக்கமாகவே நடந்து வாசல் வரை போக வேண்டும். திவான் சாகிப் இப்படிப் போய் இரண்டு தடவை நீரூற்றுத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார், அது வேறு விஷயம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் முதல் ஆட்டத்தன்று யாரோ என்னிடம், "மைதானத்துல எப்படி சாகேப்?" என்று கேட்டுத் தொலைத்தான். எனக்கு உத்தியோகம் புதிது. மூன்று நாள் யோசித்து, "அன்னதாதா எங்கு நிற்கிறாரோ அங்கெல்லாம் தர்பாரே" என்று உத்தரவு எழுதி முத்திரை குத்திவிட்டேன். அன்றிலிருந்து தாகூர் சாகிப் அடிக்கும் பந்தை விரட்டுகிறவன் முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கமாக ஓட வேண்டும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நானே பயிற்சி கொடுத்தேன். போஸ்ட்மாஸ்டர் நாற்பது கஜம் விழாமல் பின்னோக்கி ஓடுவார். கம்பவுண்டருக்கு இடுப்பு முறிந்தது. பந்து கன்றுக்குட்டி நடையில் உருண்டாலும் கோட்டைத் தாண்டி நாலாகிவிடும். அதனால் தாகூர் சாகிப் ஒரு ரன்கூட ஓடியதே கிடையாது, ஓட வேண்டிய அவசியமே வரவில்லை.

அவருக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பாய். எப்படி வரும்? பிறந்ததிலிருந்து அவர் ஒரு மனுஷனின் முதுகைப் பார்த்ததில்லை. மகாராணி சாகிபாவின் முதுகைத் தவிர, அதுவும் அவர்கள் கோபமாக இருக்கும்போது. உலகத்தில் ஜனங்கள் இப்படித்தான் ஓடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு அம்பயரும் நானே. அவர் ஸ்டம்பு சாயும் சத்தத்துக்கும் நான் "நோபால்!" என்று கத்தும் சத்தத்துக்கும் நடுவில் ஓர் ஈ நுழைய முடியாது.

இந்த நிலைமையில் ராவ்பகதூர் பார்ப்பதற்காகப் பம்பாயிலிருந்து ஒரு கிளப் அணியை வரவழைத்தோம். அதற்குத் தலைவன் ஹோமி தாருவாலா என்று ஒரு பார்சி. ஆறடி உயரம், பந்து போட ஓடி வந்தால் தரை அதிரும். விருந்தினர் மாளிகையில் சுடச்சுடக் கடலைமாவுக் காண்டியாவும் பொரித்த மிளகாயும் பரிமாறச் சொல்லிவிட்டு, பதினோரு பேரையும் உட்கார வைத்து விதியை விளக்கினேன்.

"பந்து என் பின்னாடி போச்சுன்னா என்ன பண்றது சாகேப்?" என்றான் தாருவாலா.

"பின்னாடியே போங்க. மூஞ்சி மட்டும் அன்னதாதா பக்கம் இருக்கட்டும்."

"எனக்கு முதுகுல கண்ணு இல்லையே!"

"பழகிக்கலாம். எங்க போஸ்ட்மாஸ்டர் பழகிட்டார்."

அவன் புரையேறிச் சிரித்து, தண்ணீர் குடித்து, "சரி சாகேப், உங்க ஊரு, உங்க ராஜா" என்று தலையாட்டினான். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். வாயில் காண்டியாவை வைத்துக்கொண்டு ஒருவன் கொடுக்கிற வாக்கை நம்பலாமா? நம்பினேனே!

புதன்கிழமை காலை. பாண்டு வாத்தியம், தோரணம், கூடாரத்தில் ராவ்பகதூர், ஊரே மைதானத்தில். தாகூர் சாகிப் ஜரிகைத் தலைப்பாகையோடு இறங்கினார். தாருவாலா முதல் பந்து போட்டான். முழங்கை உயர்ந்தது, மட்டை சுழன்றது, அடேயப்பா, என்ன அழகு! பந்து புல்லில் உருண்டு போயிற்று. தாகூர் சாகிப் கோட்டுக்கு வெளியே இரண்டடி வந்து, மோவாயைத் தூக்கிச் சிலையாக நின்றார். அப்போது கவரில் நின்ற ஓர் ஒல்லிப் பயல், பம்பாயில் ஏதோ மில்லில் குமாஸ்தாவாம், சடக்கென்று திரும்பினான். முதுகு! ஹர்ஷத்ராய், முழு முதுகு! சட்டையில் வியர்வைத் திட்டோடு! பாண்டுக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து "ஹாய் ஹாய்" என்று ஒப்பாரி மாதிரி ஒரு சத்தம். அந்தப் பயல் பந்தை எடுத்தான், எறிந்தான். எதிர்முனையில் மட்டையோடு நின்ற குதிரை லாயத்து ஜேட்வா பதறிப்போய், "அன்னதாதா, உள்ள போங்க! உள்ள போங்க!" என்று அலறினான். தாகூர் சாகிப் மோவாயை இறக்காமலே, "யாரைப் பாத்துச் சொல்றே?" என்றார். அதற்குள் ஸ்டம்பு மூன்றும் மல்லாந்தன. நான் வழக்கம்போல "நோபால்!" என்றேன். பம்பாயிலிருந்து அவர்களோடு வந்த இன்னோர் அம்பயர் விரலைத் தூக்கிவிட்டு, நோபாலிலும் ரன் அவுட் உண்டு என்று சட்டப் புத்தகத்தைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். பாவி, புத்தகத்தைப் பையிலேயே வைத்திருந்தான்!

பூஜ்யம். கேசர்கட் சரித்திரத்தில் முதல் பூஜ்யம்.

தாகூர் சாகிப் என்னைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பயலைத் தண்டிக்கச் சொல்வார் என்று நினைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்க நான் காகிதத்தோடு போனேன்.

"கிருபாசங்கர்பாய், அந்தப் பையன் திரும்பிக்கிட்டு ஓடினான்."

"தெரியும் அன்னதாதா, திமிர் பிடிச்சவன், நான் இப்பவே..."

"திரும்பி ஓடினதாலதான் பந்தைப் பிடிச்சான். நம்மாளுங்க எப்படி ஓடுவாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் எவனுக்கும் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உத்தரவு எழுதியது, பயிற்சி கொடுத்தது, கம்பவுண்டர் இடுப்பு, நோபால் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அந்தப் பதினோரு சதத்துல என்னுது எவ்வளவு?"

"ரெண்டு சிக்ஸர் இருக்கு அன்னதாதா. அதை யாரும் தடுத்திருக்க முடியாது."

"ரெண்டா?"

"ஒண்ணு லாயத்துக் கூரையில பட்டுத் திரும்பி வந்தது. வேணும்னா ஒண்ணரைன்னு வெச்சுக்கலாம்."

என் சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். அவர் எழுந்து நேரே ராவ்பகதூரிடம் போனார். "இன்னும் ஒரு தடவை ஆடுவேன். எல்லாரும் திரும்பி ஓடணும், இது என் உத்தரவு. என் காலால ஓடி அம்பது எடுத்தா உங்க கேப்டன் பதவியை ஏத்துக்கறேன். ஒண்ணு குறைஞ்சாலும் வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றார். ராவ்பகதூர், "அதெல்லாம் எதுக்கு மகாராஜ், ஒரு கையெழுத்துப் போட்டா போதுமே" என்று பேனாவை நீட்டினார். தாகூர் சாகிப் பேனாவைப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் பம்பாய்க்காரர்கள் ஆடி முடித்த கையோடு, வெயில் தாழும் நேரத்தில், லாயத்துக்குப் பின்னால் இரண்டு மூங்கில் நட்டு நானும் அவரும் ஓடிப் பழகினோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வேட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மகாராஜாவுக்கு எதிரே நான் ஓடுவதைக் குதிரைகள் எட்டிப் பார்த்தன. நாலு தடவை போய் வந்ததும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு தூரமா இது? இத்தனை நாள் கிட்டத்துல இருந்த மாதிரி இருந்ததே!" என்றார். குனிந்து மூச்சு வாங்கினார். ஆனால் சிரித்தார், ஹர்ஷத்ராய். குழந்தை மாதிரி சிரித்தார்.

வெள்ளிக்கிழமை. ஐந்தாவது பந்தில் முதல் ஒரு ரன் ஓடினார். ஒரே ஒரு ரன்! சதத்துக்குக்கூட ஊர் அப்படிக் கத்தியதில்லை. அப்புறம் இரண்டு. அப்புறம், கேள், மூன்று! மூன்றாவது ரன்னுக்கு ஓடும்போது தலைப்பாகை கீழே விழுந்தது. ஜேட்வா ஓடுவதா, தலைப்பாகையைக் கண்ணில் ஒற்றி எடுப்பதா என்று நடுவில் நின்றுவிட்டான். "விட்டுத் தொலை, ஓடு!" என்று கத்திக்கொண்டு வெறுந்தலையோடு பாய்ந்து கோட்டைத் தொட்டார் நம் மகாராஜா. வெறுந்தலை! மீசை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே! நான் அம்பயர் என்பதை மறந்து கைதட்டிவிட்டேன். தாருவாலா ஈவு இரக்கம் பார்க்கவில்லை. ஒரு பந்து விலாவில், ஒன்று தொடையில். ஒவ்வொன்றுக்கும் தாகூர் சாகிப் தடவிவிட்டுக்கொண்டு, "நல்ல பந்து" என்றார். பத்து, இருபது, முப்பது. கூட்டத்தில் நம் பதினேழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார்கள். உன் அக்காள் ஐம்பதுக்கு இன்னும் எவ்வளவு என்று விரல் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சீமையிலிருந்து என்னென்ன வரப்போகிறது என்று வாய்க்கணக்காகப் பங்கு போட்டு முடித்திருந்தாள்.

முப்பத்தெட்டு. தாருவாலா என் முனையிலிருந்து ஓடி வந்தான். பந்து தாழ்வாக வந்து தாகூர் சாகிப்பின் காலில், நடு ஸ்டம்புக்கு நேரே, 'தப்' என்று பட்டது. தாருவாலா என் பக்கம் திரும்பி, "ஹவ்ஸாட்!" என்று போட்ட கூச்சலில் அரண்மனைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. அவுட். குருடனுக்கும் தெரியும். ஹர்ஷத்ராய், என் தொண்டையில் "நோபால்" வந்து உட்கார்ந்துவிட்டது, பதினாலு வருஷப் பழக்கம். கண் முன்னால் கப்பல் தெரிந்தது, கோட்டுப் போட்டுக்கொண்டு நான் அதன் மேல் நிற்பது தெரிந்தது. தாகூர் சாகிப் மோவாயைத் தூக்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார். "சும்மா சொல்லுங்க கிருபாசங்கர்பாய்" என்றார், பக்கத்தில் நிற்பவனிடம் மணி கேட்பது போல.

விரலைத் தூக்கினேன். தூக்கிவிட்டேன்! அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சடக்கென்று திரும்பி நின்று அழுதேன். தர்பார் மரியாதை அதிகாரி, ஊரே பார்க்க, அன்னதாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் நடந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"முப்பத்தெட்டும் என்னுதுதானே?"

"ஒவ்வொண்ணும் உங்களுதுதான் அன்னதாதா. சத்தியமா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனார். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போன அந்த நடையைப் பார்த்திருந்தால், ஐந்நூறு அடித்தவன் போகிறான் என்று நினைத்திருப்பாய். அன்று இராச் சாப்பாட்டில் ஏழு பூரி சாப்பிட்டாராம், சமையற்காரர் சொன்னார், அதையும் கோபமாகத்தான் சொன்னார். சனிக்கிழமை காலை கமிட்டிக்குத் தந்தி போய்விட்டது: "ஓடிப் பார்த்தேன். ஐம்பது வரவில்லை. கேப்டன் பதவி வேண்டாம்." ராவ்பகதூர் பேனாவை மூடிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து நாவிதர் எனக்குச் சவரம் செய்ய மறுக்கிறார். ஜோசியர் எனக்குச் சனி திசை இன்னும் பதினெட்டு வருஷம் என்று வலிய வந்து சொல்லிவிட்டுப் போனார். மீசைக்காரரின் உதவியாளர் என்னைத் தெருவில் பார்த்து விரலைத் தூக்கிக் காட்டுகிறார். உன் அக்காள் விஷயம்தான் மேலே எழுதினேன். போகட்டும். உத்தியோகத்தில் சேர்ந்து முதல் தடவையாக ஓர் உண்மையான காரியம் செய்திருக்கிறேன். சீமை வேண்டாம், கோட்டும் வேண்டாம், ஒரு மனுஷன் தன் காலில் ஓடியதைப் பார்த்தேன், அதுவே எனக்குப் பெரிசு. இனி என் ஜன்மத்தில் எவனையும் பின்பக்கமாக ஓடச் சொல்ல மாட்டேன். இதை நீ எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய உத்தரவை நானே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் தீர்க்காயுசும், மழைக்காலத்தில் ஒழுகாத கூரையும், சீக்கிரமே ஒரு ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ, எது முதலில் வருகிறதோ அதுவும், உண்டாக ஆசீர்வதிக்கிறேன். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம் சொல். மாடி வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
கிருபாசங்கர் வசாவடா.

பின்குறிப்பு, புதன்கிழமை: நல்லவேளை, கடிதத்தைத் தபாலில் போடவில்லை! தையற்காரனிடம் உடனே ஓடு. துணியை வெட்டச் சொல். கையையும் தைக்கச் சொல். நேற்றுக் கமிட்டியிடமிருந்து பதில் தந்தி வந்தது: "கேப்டனிடம் நாங்கள் ரன் எதிர்பார்க்கவே இல்லை. தங்கள் விருப்பப்படி வேறு ஏற்பாடு செய்துவிட்டோம்." வேறு ஏற்பாடு யார் தெரியுமா? பக்கத்து மோட்டிவாவ் சமஸ்தானத்து ராணா சாகிப்! அவர் மட்டையைப் பிடிப்பதே தலைகீழாக. ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய கார் என் வாசலில் வந்து நின்றது. நம் ஊர்ப் பதினோரு சதத்தின் ரகசியம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. சீமையில் ஆட்டம் நடக்கும் இடங்களில் எல்லாம் மரியாதை முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஓர் அனுபவசாலி வேண்டுமாம், நான்தான் வர வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் உள்ளே இருந்து உன் அக்காள், "வருவார்" என்று சொல்லிவிட்டாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை, மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. அடுப்பில் போட்ட உத்தரவை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். விடை பெற்றுக்கொள்ளத் தாகூர் சாகிப்பிடம் போனபோது அவர் லாயத்துக்குப் பின்னால் ஜேட்வாவோடு ஓடிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, கோபிப்பார் என்று பார்த்தால், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தாராளமா போய்ட்டு வாங்க கிருபாசங்கர்பாய்" என்றார். "ஒரே ஒரு வெள்ளைக்காரனையாவது நம்மாளு முன்னாடி பின்பக்கமா ஓட வெச்சீங்கன்னா, அந்த நிமிஷமே எனக்குத் தந்தி அடிங்க. இங்க இருக்கற பீரங்கி அத்தனையும் வெடிக்கச் சொல்றேன்."